அராபா மேடம் எழுதிய ஏழு கடிதங்கள்

அராபா குவான்சா ஆங்கில வகுப்புக்குள் நுழைந்தால் மேசை தப்பாது. 'மஸ்ட்' என்றால் முஷ்டியால் ஒரு குத்து. 'ஷுட்' என்றால் விரல் நுனியால் ஒரு தட்டல். 'மே' வரும்போது உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். கட்டாயம், அறிவுரை, அனுமதி மூன்றும் எங்கள் கடலோரப் பிள்ளைகளின் மண்டையில் அப்படித்தான் ஏறின. பக்கத்து அறையில் கணக்கு நடத்தும் என் பிழைப்புதான் நாறியது.

பெரியவர்களுக்கு எழுதும்போது 'மஸ்ட்' வரவே கூடாது என்பது மேடத்தின் சட்டம். மீறிய பிள்ளையின் தாளில் சிவப்பு மையால் 'இயலுமானால்' என்று திருத்துவார். எங்கள் ஊர் வழக்கமும் அதுதான். நேராகக் கேட்பவனை இங்கே வளர்ப்பு சரியில்லை என்பார்கள்.

அவர் கணவர் யூஃபிக்கு வடக்கே தமாலேயில் வேலை. அவரோடு சேர்ந்து வாழ மாற்றல் கேட்டு மேடம் ஆண்டுக்கு ஒன்றாக ஏழு கடிதங்கள் எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை. போன மழைக்காலத்தில் யூஃபிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அதிலிருந்து மேடம் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணியோடு இந்த வருட மாற்றல் பட்டியல் முடிய இருந்தது. அன்று காலை இருப்புக் கொள்ளாமல் என்னையும் இழுத்துக்கொண்டு கல்வி அலுவலகம் போனார். எழுத்தர் அம்மாள் எங்கெங்கோ தேடி ஒரு கோப்போடு வந்தார்.

"ஏழும் பத்திரமா இருக்கு மேடம். நன்றிக் கடிதங்களோட வெச்சிருக்கோம்."

"நன்றியா? நான் மாத்தல்தானே கேட்டேன்!"

"எங்க கேட்டீங்க? ரெண்டு பக்கத்துக்கு இயக்குநர் குடும்பத்தை வாழ்த்தியிருக்கீங்க. கடைசில 'என்றேனும் வடக்கு தங்கள் நினைவுக்கு வரக்கூடுமானால் மகிழ்வேன்'னு ஒரு வரி. நாங்க என்னத்தைக் கண்டோம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

பள்ளிக்குத் திரும்பியதும் நின்றபடியே ஒரே வரி எழுதினார்: 'நான் என் கணவரிடம் போயே ஆக வேண்டும், என்னைத் தமாலேக்கு மாற்றுங்கள்.' தலைமையாசிரியர் கையெழுத்து இல்லாமல் அலுவலகத்தில் வாங்க மாட்டார்கள். தலைமையாசிரியர் ஏபோ எஷுன், இருபது வருடத்துக்கு முன் மேடத்திடம் படித்தவர். வாசித்துவிட்டுச் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"என்ன மேடம், மேலதிகாரிக்குப் போயி 'மஸ்ட்'டா? கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க? கொஞ்சம் பதமா எழுதிக் குடுங்க, திங்கக்கிழமை போட்டுடலாம்."

மணி மூன்று. மேடம் அந்தப் பேனாவைப் பிடுங்கினார்.

"ஏபோ!" அதுவரை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார். "ஆமா, நான்தான் சொல்லிக்குடுத்தேன். ஏழு வருசம் போச்சு. அங்க அந்த மனுசன் இடது கையால காசு நீட்டுறாரு, மரியாதை தெரியாதவன்னு கடைக்காரி வாங்க மாட்டேங்குறா. இப்பவே போடு!"

மேசையில் விழுந்தது குத்து. ஏபோ பழைய மாணவனாகச் சட்டென்று எழுந்து நின்றார். நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

தாளை வாங்கிக்கொண்டு வாசல் வரை ஓடிய மேடம், பழக்கதோஷத்தில் நின்று திரும்பினார்.

"ஐயா, தயவுசெஞ்சு... நான் போகலாமா?"

ஏபோ முஷ்டியை மடக்கி மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.