நந்திதாவின் இடது கை

கன்னிகாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. திருப்பதியில் எங்கள் அடுக்குமாடிக்கு அவள் புருஷன் முனிகிருஷ்ணன்தான் வாட்ச்மேன். ஆனால் உண்மையில் காவல் காப்பது யார் என்று கேட்டால் அவளைத்தான் காட்டுவேன். யார் வீட்டிலாவது பால் தீய்ந்தால்கூட கேஸ் கசிகிறது என்று வந்து கதவைத் தட்டுவாள். லிஃப்டில் ஏற மாட்டாள். தெருநாய் கொட்டாவி விட்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். எரிச்சலாக வரும், திட்டவும் மனசு வராது.

இந்தப் பயம் நகரியில் பிடித்தது. அங்கே ஒரு பவர்லூம் கொட்டகையில் அவள் நாடாவில் போடும் தார்க்குச்சிகளுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒருநாள் பக்கத்துத் தறி நரசிம்மனின் சட்டைக்கை பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. மோட்டாரை அணைத்தபோது அவன் தோளில் உருட்சி இல்லை, பெட்டி மூலை மாதிரி சதுரமாக இருந்தது. மேல்கை எலும்பின் தலை தன் குழியை விட்டுக் கீழே இறங்கிவிட்டிருந்தது. எலும்பைத் திரும்ப ஏற்றிவிட்டார்கள். ஆனால் இழுத்த இழுப்பில் நரம்பு போய்விட்டது. அந்தக் கையால் அவன் பிறகு சோறு பிசையவே இல்லை. அதற்கப்புறம் கன்னிகா தறிப்பக்கம் போகவில்லை. புருஷனோடு திருப்பதிக்கு வந்துவிட்டாள்.

எங்கள் மூன்றாவது மாடியில் அகிலா, தனசேகர் என்று ஒரு ஜோடி. திருத்தணிக்காரர்கள். இரண்டு பேருக்கும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை, விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ் வந்துவிடும். இரண்டரை வயது மகள் நந்திதாவைக் கன்னிகாவிடம்தான் விட்டுப் போவார்கள். கன்னிகாவுக்குப் பிள்ளை இல்லை. நந்திதா வந்த பிறகு அதைப் பற்றிப் பேசுவதையே அவள் விட்டுவிட்டாள்.

அன்று காலை குழந்தையை நடத்திக்கொண்டு பால் பாக்கெட் வாங்கப் போனாள். காய்கறி வண்டிக்கு அடியில் படுத்திருந்த நாய் எழுந்து உடம்பை உதறியது. இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கன்னிகாவுக்கு அது போதும். பிடித்திருந்த இடது கையை வெடுக்கென்று மேலே இழுத்து, குழந்தையைத் தன் பக்கம் தூக்கிவிட்டாள்.

நந்திதா வீல் என்று கத்தினாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது, ஆனால் கை எழவில்லை. லேசாக மடங்கி, உள்ளங்கை வயிற்றைப் பார்த்தபடி அது பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பிஸ்கெட்டை அந்தக் கையருகே நீட்டினால், வலது கையால்தான் வாங்கினாள்.

கன்னிகாவின் கண்முன்னால் நரசிம்மனின் சதுரத் தோள் வந்து நின்றது. வீட்டுக்குத் தூக்கிவந்து கவுனைக் கழற்றி இரண்டு தோள்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். தொண்டைக்குழியிலிருந்து காறை எலும்பு வழியே தோள் நுனி வரைக்கும் விரலை ஓட்டினாள். முதுகுப்பக்கம் தோள்பட்டை எலும்பைத் தடவினாள். சின்னத் தட்டு மாதிரி வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. தோள் உருண்டையாகத்தான் இருந்தது. இரண்டும் ஒரே மாதிரி. அப்படியானால் கை ஏன் எழவில்லை? நரம்பு போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டாள்.

“புத்தூருல எலும்பு கட்றவங்ககிட்ட தூக்கிக்கினு போய்ட்லாம், வா” என்றான் முனிகிருஷ்ணன்.

“அவங்கம்மா கேட்டா இன்னான்னு சொல்றது?”

“நாயப் பாத்து பயந்துகினு இழுத்துட்டேன்னு சொல்லு.”

“சொன்னா பாப்பாவ இனிமே என்கிட்ட உடுவாங்களா?”

கன்னிகா அகிலாவுக்கு போன் போட்டாள். சோபாவிலிருந்து குழந்தை விழுந்துவிட்டது என்று சொன்னாள். அகிலாவும் தனசேகரும் பாதி வேலையில் ஓடிவந்து, கன்னிகாவையும் கூட்டிக்கொண்டு குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முழங்கையைத் தொட்டதும் நந்திதா சிணுங்கினாள். “யாராவது கையைப் பிடித்து இழுத்தீர்களா?” என்று டாக்டரம்மா தெலுங்கில் கேட்டார். அம்மா அப்பா இருவரும் கன்னிகாவைப் பார்த்தார்கள். “லேது மேடம், படிபோயிந்தி” என்றாள் அவள். இல்லை, விழுந்துவிட்டாள் என்று. விழுந்த குழந்தை என்றால் எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்கத்தானே வேண்டும்? எக்ஸ்ரே எழுதினார்.

எக்ஸ்ரே அறைக்குள் ஒருவர் மட்டும்தான் கூட வரலாம். நந்திதா கன்னிகாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அகிலா வெளியே நின்றுவிட்டாள், முகம் செத்துப்போய். உள்ளே படம் எடுக்கிற சலீம், கனமான ஈய அங்கியைக் கன்னிகாவுக்கு மாட்டிவிட்டு, குழந்தையின் கையைத் தட்டின் மேல் நீட்டி உள்ளங்கையை மேலே திருப்பினான். முழங்கையைத் தாங்கியிருந்த கன்னிகாவின் விரலுக்கடியில் ‘டக்’ என்று ஏதோ நகர்ந்தது. குழந்தை அலறியது.

“அய்யோ, ஒடச்சிட்டியேப்பா!”

சலீம் கோபப்படவில்லை. படத்தை எடுத்து முடித்தான். அதற்குள் அழுகை அடங்கிவிட்டது. நந்திதா கையை நீட்டி அவன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்து இழுத்தாள். இடது கை.

“விழுந்த கை இல்லக்கா இது. இழுத்த கை” என்றான் சலீம்.

அவன் தன் முழங்கையைத் தொட்டுக் காட்டினான். “தோள்லேர்ந்து இங்க வரைக்கும் ஒரே எலும்பு. இதுக்குக் கீழ ரெண்டு. கட்டவிரல் பக்கம் இருக்கிற எலும்போட தலைய ஒரு நார் வளையம் சுத்திப் புடிச்சிருக்கும். சின்னப் புள்ளைங்களுக்கு அந்தப் புடி லூசு. இழுத்தா நழுவிடும், கையத் திருப்பினா உள்ள போய்டும். மறுபடி இழுத்தா மறுபடி நழுவும். அஞ்சு வயசு வரைக்கும் கையப் புடிச்சித் தூக்கவே கூடாது. அக்குள்ல கை குடுத்துத் தூக்கணும். படத்துல இது தெரியாது, நீங்கதான் டாக்டர்கிட்டயும் இவங்கம்மாகிட்டயும் சொல்லணும்.”

அதற்குள் ஒரு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு நாலு பேர் உள்ளே வந்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் நந்திதா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள். அகிலா சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதாள். “இப்பதான் வேண்டிக்கிட்டேன், கை சரியானா குழந்தையோட நடந்தே மலைக்கு வர்றேன்னு. பெருமாள் கேட்டுட்டார்க்கா!” படத்தைப் பார்த்த டாக்டரம்மா எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். எல்லாரும் பெருமாளைக் கும்பிட்டார்கள். கன்னிகாவும் கும்பிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அவளும் தினம் சொல்லத்தான் பார்த்தாள். காலையில் அகிலாவுக்கு பஸ் அவசரம், சாயங்காலம் களைப்பு. பயந்தவர்களுக்குக் காரணமா கிடைக்காது? குழந்தைக்குச் சட்டை மாட்டும்போது கையை இழுக்காமல், சட்டைக்கையைச் சுருட்டி மெல்ல ஏற்றுவாள். தெருவில் கையைப் பிடிக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள். தனசேகர் மகளைத் தூக்க வரும்போதெல்லாம் அவன் கை எங்கே போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுதலுக்குக் கிளம்பினார்கள். கன்னிகாவையும் கூப்பிட்டார்கள், மறுக்க முடியவில்லை. மலையடிவாரத்தில், அலிபிரியில், முதல் படிகளுக்கு அகிலா மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். நந்திதாவுக்குப் படி உயரம், காலை வைக்கத் தடுமாறினாள். தனசேகர் சிரித்துக்கொண்டே அவள் வலது கையைப் பிடித்தான். மஞ்சள் விரல்களோடு அகிலா இடது கையைப் பிடித்தாள். ஊஞ்சல் ஆட்டித் தூக்கிவிடுவதற்காக இருவரும் சேர்ந்து எண்ணினார்கள்.

“ஒன்னு... ரெண்டு...”

“கைய உடுங்க!”

கன்னிகா படியில் முட்டிபோட்டு விழுந்து குழந்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கோவிந்தா சொல்லிக்கொண்டு ஏறிய கூட்டம் நின்று பார்த்தது.

“பாப்பா உழலம்மா. நாய்க்குப் பயந்துகினு நான்தான் அந்தக் கையப் புடிச்சி இழுத்துட்டேன். எலும்பு நழுவிட்சி. எக்ஸ்ரே எடுக்கிறவர் கையத் திருப்பினப்ப உள்ள போய்ட்சி. மறுபடியும் இழுத்தா மறுபடியும் நழுவும்னாரு.”

அகிலாவின் கை தானாக விலகியது. குழந்தையின் மணிக்கட்டில் மஞ்சள் அப்பியிருந்தது.

“ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?”

“பாப்பாவ என்கிட்ட உட மாட்டீங்களோன்னு பயம்.”

“இப்ப அந்தப் பயம் இல்லையா?”

“இருக்குதும்மா. இது அதவிடப் பெரிய பயமா வந்துட்சி.”

தனசேகர் ஏதோ கடுமையாகச் சொல்ல வந்தான். அகிலா கையைக் காட்டி நிறுத்தினாள். ஆனால் அவளும் கன்னிகாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. நந்திதாவுக்கு மட்டும் எதுவும் புரியவில்லை. தூக்கச் சொல்லி இரண்டு கையையும் கன்னிகாவிடம் நீட்டினாள். கன்னிகா தன் கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

“தூக்குங்க. எப்படித் தூக்கணும்னு நாங்களும் பார்க்கணும்ல?” என்றாள் அகிலா. குரலில் கோபம் போகவில்லை.

கன்னிகா அக்குளில் கை கொடுத்து, கண்ணாடிப் பாத்திரத்தை எடுப்பதுபோலத் தூக்கினாள். இதையெல்லாம் பிறகு அவளேதான் என்னிடம் சொன்னாள். மேலே போய்ச் சேரும்வரை மூன்று பேரும் மாற்றி மாற்றி இடுப்பில் சுமந்தார்களாம். குழந்தையின் கையை ஒருவரும் பிடிக்கவில்லையாம்.