மீன் பெட்டியில் பதினொரு முட்டை

மீன் மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த தெர்மகோல் பெட்டியை ஐந்து முறை கழுவினேன். சோப்பு, எலுமிச்சை, வெந்நீர், வெயில், மறுபடியும் சோப்பு. நாற்றம் போகவில்லை. உள்ளே இரண்டு குண்டு பல்புகளை மாட்டி எரியவிட்டதும் அது இன்னும் உற்சாகமாகக் கிளம்பியது. பள்ளத்தூரில், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவரின் முன்னறையில், செத்த மீன் மணக்க ஒரு முட்டைப் பொரிப்பான்.

“இதுக்குப் பேசாம வாசல்ல மீன் கடையே போட்டுறலாம்” என்றாள் என் மனைவி.

பொழுது போகாமல் செய்த பெட்டிதான். பழைய இஸ்திரிப் பெட்டியிலிருந்து கழற்றிய தெர்மோஸ்டாட்டை அதில் மாட்டியிருந்தேன். அது துணி தேய்க்கும் சூட்டுக்கென்று பிறந்தது; முட்டைக்கு வேண்டிய சூடு அதன் கணக்கிலேயே வராது. அதைத் திருகிக்கொண்டே இன்னும் பல வாரங்களைக் கழித்திருப்பேன். அதற்குள் பக்கத்து வீட்டுக் கோழியைக் கீரி பிடித்துவிட்டது.

சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இருந்த மற்ற கோழிகளெல்லாம் வெள்ளைக்கழிச்சல் நோயில் போய், மிஞ்சியது அது ஒன்றுதான். அடை உட்கார்ந்து எட்டாவது நாள் போய்ச் சேர்ந்தது. முட்டைகளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“சார், உள்ள உசிரு ஓடுது. ஒங்க பெட்டியில வைங்க. இது போச்சுன்னா எங்கிட்ட ஒரு குஞ்சு கிடையாது.”

பதினொரு முட்டைகள். அடைக்கு ஒற்றைப்படையில்தான் வைப்பார்களாம்; எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறதோ. மதியத்துக்குள் வருகிறேன், அதுவரை மடிச்சூட்டிலேயே வைத்திரு என்று சொல்லிவிட்டு, சரியான தெர்மோஸ்டாட் வாங்க அடுத்த பேருந்தில் காரைக்குடிக்கு ஓடினேன்.

எலக்ட்ரிக் கடைக்காரர் பாக்கை மென்றுகொண்டே மூன்று வகைகளை எடுத்துப் போட்டார். முதலாவது, பித்தளைப் பொத்தான் போன்ற ஒன்று. சூடு பட்டால் உப்பிச் சுவிட்சை அமுக்கும். திருகைத் திருப்பித்தான் அளவு வைக்க வேண்டும். அதில் எண்ணே கிடையாது. எண் இல்லாத கருவியை நான் கருவி என்று ஒப்புக்கொள்வதில்லை. இரண்டாவது, ஈரப்பதம் பார்த்து முட்டையையும் தானே உருட்டிவிடும் பெரிய சாதனம். அதை வாங்கினால் எனக்கு அந்த வீட்டில் வேலையே இருக்காது. மூன்றாவது, தீப்பெட்டி அளவு டிஜிட்டல் போர்டு. சிவப்பு எண்கள், புள்ளிக்குப் பிறகு ஒரு தசம தானம். மயங்கிவிட்டேன்.

“பெரியவரே, இதுல முப்பத்தேழு புள்ளி ஏழு வச்சு விட்டீகன்னா நீங்க பாட்டுக்குத் தூங்கலாம். கோழியாச்சும் எந்திரிச்சு எரை பொறுக்கப் போகும். இது போகாது.”

வீட்டுக்கு வந்து மாட்டினேன். சோற்றுப் பருக்கை அளவு சென்சார் ஒரு முறுக்கு ஒயரின் நுனியில் இருந்தது. அது முட்டையின் உயரத்தில் நிற்க வேண்டும். ஆனால் எப்படி வளைத்தாலும் பல்பைப் பார்த்து எகிறியது. அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுப் பெண் முட்டைகளோடு அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய், இரண்டு கிலோ இரும்பு எடைக்கல் எல்லாம் கொண்டுவந்தாள்.

“இது எதுக்கும்மா?”

“மழைக்காலமுல்ல? இடி இடிச்சா முட்டை கூழாப் போயிரும் சார். இரும்பு கிடந்தா ஒண்ணும் செய்யாது.”

இடிக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தம் என்று பாடம் நடத்த வாயெடுத்தேன். ஆனால் கல் சரியாக முட்டை உயரத்தில் இருந்தது. சென்சாரை அதன்மேல் ரப்பர் பேண்டால் கட்டிவிட்டேன். கச்சிதமாக நின்றது. முட்டைகளை அடுக்கி, போர்டில் 37.7 வைத்து, சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன்.

எழுந்து பார்த்தபோது போர்டில் 36.9. பல்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்தேன். இட்லிப் பானையைத் திறந்தது போல மீன் வாடையோடு அனல் முகத்தில் அடித்தது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே வைத்தேன்; பாதரசம் உச்சிக்கு ஏறி, மேலே போக இடமில்லாமல் நின்றது. தசம தானத்தோடு பொய் சொல்லியிருக்கிறது.

போர்டைப் பிடுங்கிப் பையில் போட்டேன். “தெர்மாமீட்டர உதறி உதறிப் பாத்து லைட்டப் போட்டு அணை” என்று மனைவியிடம் சொன்னேன். “இந்த நாத்தத்துலயா?” என்றாள். ஆனாலும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவிட்சின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கடையில் நான் போட்ட சத்தத்துக்கு டீக்கடையிலிருந்துகூட ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைக்காரர் அசையவில்லை. போர்டுக்குக் கரண்ட் கொடுத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, சென்சாரைத் தன் அக்குளில் சொருகிக்கொண்டார். எண் ஏறி 36.6-இல் நின்றது.

“எனக்குக் காய்ச்சல் இல்ல. ஒங்க போர்டுக்கும் இல்ல. வீட்டுல எங்க சொருகுனீக?”

வியர்வையோடு அவர் நீட்டியதை இரண்டு விரல்களால் வாங்கிக்கொண்டேன். பையில் போட்டுக்கொண்டு கடைப்படி இறங்கினேன். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. சென்சார் அளந்தது காற்றை அல்ல, இரும்பை. இரண்டு கிலோ இரும்பு மெல்ல மெல்லச் சூடாகும்வரை பல்பு அணையாது. அதற்குள் காற்று கொதித்துவிடும். தன்வெப்ப ஏற்புத்திறன். ஆயுள் முழுக்கக் கரும்பலகையில் எழுதிப் போட்டது.

சென்சாரை நன்றாகக் கழுவி, ஒரு தென்னை ஈர்க்கில் கட்டி நிறுத்தினேன். காலையில் பக்கத்து வீட்டுப் பெண் ஒவ்வொரு முட்டையாக எடுத்து ஃபோன் வெளிச்சத்தில் பிடித்தாள். உயிருள்ளதில் சிவப்பு நரம்புகளுக்கு நடுவே ஒரு கரும்புள்ளி ஆடும். முதல் முட்டையில் ஆடவில்லை. இரண்டாவதிலும் ஆடவில்லை.

“மூணு” என்றேன் என்னையறியாமல். “நாலு.”

“எண்ணாதீக சார்.”

வாயை மூடிக்கொண்டு எண்ணினேன். ஏழு போயிருந்தன. நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, அப்ப இடிக்கு என்ன செய்றது?”

எடைக்கல்லை மூடியின்மேல், வெளியே வைப்பதென்று உடன்பாடு ஆயிற்று. தெர்மகோல் குழிந்தது.

ஏழையும் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். ஆழம் போதவில்லை. தெருநாய் தோண்டி எடுத்து, தின்றது போக மிச்சத்தை என் வாசல் படியில் கொண்டுவந்து போட்டிருந்தது. கண்கள் மட்டும் பெரிதாக, உடம்பென்று சொல்ல முடியாத ஒன்று. காகிதத்தால் அள்ளினேன். இந்தமுறை ஆழமாகத் தோண்டினேன்.

அடை வைத்த இருபத்தொன்றாம் நாள், மிச்சம் நான்கில் ஒன்று ஓட்டைக் கொத்திவிட்டு, வெளியே வர முடியாமல் செத்தது. மூன்று வந்தன. குஞ்சு என்றால் மஞ்சள் பஞ்சு உருண்டை என்று படம் போடுகிறவர்கள் அப்போது வந்து பார்த்திருக்க வேண்டும். சளியில் முக்கி எடுத்த கந்தல் மாதிரி, நிற்காத கழுத்தோடு, நரம்பு ஒன்று பின்னால் தொங்க ஊர்ந்தன. காய்ந்த பிறகு பக்கத்து வீட்டுப் பெண் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அது ஒரு முறை நடுங்கியது, சூடாக எச்சமிட்டது.

“சீ!”

அவள் சிரித்தாள். “பேண்டுருச்சா? அப்பப் பொழைச்சுக்கும் சார். கையை உதறிராதீக.”

உதறவில்லை.