மாமா தந்த வில்லுக்கத்தி

எங்கள் குடும்பத்தில் பொறுப்பான பிள்ளை என்றொரு பதவி உண்டு. அதற்கு யாரும் விண்ணப்பிப்பதில்லை. மூத்த பெண்ணாகப் பிறந்தால் தானாகவே வந்து தலையில் ஏறிவிடும். தம்பி பால் கோப்பையைக் கவிழ்த்தால் அவன் சின்னப்பிள்ளை. நான் கவிழ்த்தால் "நீயுமோ?" என்பார்கள். சம்பளமில்லாத அந்த உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே போனஸ், பத்து வயதில் மாமா தந்த கத்தி.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. பிக்கரிங்கில் புது வீடு வாங்கிய கையோடு அவருக்குக் காட்டுப் பைத்தியமும் பிடித்துவிட்டது. கூடாரம், கயிறு, நெற்றியில் கட்டுகிற லைற், கரடியை விரட்டுகிற ஸ்ப்ரே எல்லாம் வாங்கிக் கராஜில் அடுக்கியிருந்தார். கரடி மட்டும்தான் பாக்கி. கனடாவில் பிறந்த பிள்ளைகள் எங்கள் மல்வேர்ன் வீட்டில் ரிவிக்கு முன்னால் கிடந்து வீணாய்ப் போகிறார்கள் என்பது அவருடைய பெரிய கவலை. ஒரு கோடைகால ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைப் பூங்காவில் எல்லோருமாகப் பார்பிக்யூ போட்டபோது, அந்தக் கவலைக்கு மருந்தாக, மரப்பிடி போட்ட சின்ன மடக்குக் கத்தி ஒன்றைப் பொக்கற்றிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார்.

"ஐயோ, கையில குடுக்கிறியே!" என்று அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கத்தரிக்கோலைக்கூடக் கீழே வைத்துத்தான் எடுக்கவேண்டும். அம்மா வங்கியில் இருந்துகொண்டு ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவர். ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் அவரோடு வாய் கொடுக்க முடியாது.

"முதல்ல, பத்து வயசுப் பிள்ளைக்கு என்னத்துக்கடா வில்லுக்கத்தி?"

"அக்கா, இவள் பொறுப்பான பிள்ளை."

"அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார் அம்மா.

மாமா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கத்தியைத் திரும்ப வாங்கி மேசையில் வைத்தார். நான் எடுத்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மாமா சட்டங்களை வாசித்தார். உட்கார்ந்துகொண்டுதான் கத்தியைத் திறக்கவேண்டும். கையை நீட்டிச் சுற்றினால் வருகிற வட்டத்துக்குள் ஒருத்தரும் இருக்கக்கூடாது. உடம்புக்கு எதிர்ப்பக்கமாகத்தான் வெட்டவேண்டும். மூடாமல் எழும்பவே கூடாது. இதில் ஒன்றை மீறினாலும் கத்தி திரும்பவும் அவருடைய பொக்கற்றுக்குப் போய்விடும், பிறகு அடுத்த கோடைக்குத்தான்.

அடுத்த கோடையா? அந்த வயதில் அது அடுத்த பிறவி. செத்தாலும் சட்டத்தை மீறுவதில்லை என்று நான் அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். ஒரு தடியைச் சீவப் புல்லில் உட்கார்ந்தேன். தம்பி வேண்டுமென்றே வட்டத்துக்குள் ஒரு காலை வைத்தான். மூடினேன். காலை எடுத்தான். திறந்தேன். மறுபடியும் வைத்தான். நாசமாய்ப் போவான், அந்தத் தடியில் ஒரு சீவல்கூட விழவில்லை.

அப்போதுதான் அப்பா காரின் ட்ரங்கைத் திறந்தார். வருகிற வழியில் தமிழ்க்கடைக்குள் நுழைந்து, ஒருவரிடமும் சொல்லாமல் முழுப் பலாப்பழம் ஒன்றை ஏற்றி வந்திருந்தார். தம்பியின் பாரம் இருக்கும். அதைப் புல்லில் இறக்கிவைத்துவிட்டு, "கத்தியைக் கொண்டாங்கோ" என்றார்.

கத்தி எங்கே இருக்கிறது? அம்மா கோழி, சலாட் எல்லாவற்றையும் வீட்டிலேயே வெட்டிக் கொண்டுவந்திருந்தார். மாமாவின் பெரிய கத்திகள் பிக்கரிங்கில் கராஜ் சுவரில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லோருடைய கண்களும் மெதுவாக என் பக்கம் திரும்பின.

"பலாப்பழத்துக்கு உந்தக் கத்தியோ?" என்று அம்மா தொடங்கினார். "முதல்ல கத்தியில..."

"அக்கா, நீங்கள் ஒருக்கால் பேசாமல் இருங்கோ. அவள் செய்வாள். இதுதான் ட்ரெயினிங்."

அம்மா பேசாமல் இருந்தார். அம்மா பேசாமல் இருப்பது நல்ல சகுனம் இல்லை என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமாவுக்கு மட்டும் அன்றைக்கு மறந்துவிட்டது.

நான் பழத்துக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்து, வட்டம் பார்த்து, விரல் நீளக் கத்தியை எதிர்ப்பக்கமாக ஓட்டினேன். தோல் கிழிந்தது. வெள்ளைப் பால் வழிந்தது. கத்தியில் பிடித்தது, விரல்களில் பிடித்தது, பிடிக்குள்ளும் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கத்தி பழத்தை விட்டு வரமாட்டேன் என்றது. ஒருமாதிரிப் பிடுங்கி எடுத்தால், மூடமாட்டேன் என்றது. என் கையும் கத்தியும் ஒன்றாகவே பிறந்ததுபோல ஒட்டிக்கொண்டுவிட்டன.

அந்த நேரம் பார்த்து ஏரிப் பக்கமிருந்து மழை இறங்கியது. அப்பா கோழித் தட்டையும் தம்பியையும் தூக்கிக்கொண்டு கூரைக்கொட்டகைக்கு ஓடினார். நான் அசையவில்லை.

"எழும்படி பிள்ளை, நனையிறாய்!" என்று மாமா குடையை விரித்தபடி கத்தினார்.

"மூடாமல் எழும்பக் கூடாது."

"இப்ப எழும்பலாம்."

"நீங்கள்தான் சொன்னனீங்கள், எழும்பவே கூடாது எண்டு."

"நான் சொன்னதை நானே மாத்திறன்."

"அப்ப கத்தி எனக்குத்தானே? எடுக்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

மாமா கத்தியைப் பறிக்கக் குனிந்தார். "வட்டத்துக்குள்ள வராதேங்கோ!" என்று நான் போட்ட கூச்சலில் பாவம் மனுசன் அப்படியே நின்றுவிட்டார். குடையை என் பக்கம் நீட்டினால் கை வட்டத்துக்குள் வரும். தானே பிடித்துக்கொண்டால் ஊர் சிரிக்கும். "சொல்வழி கேளாத கழுதை!" என்றார். நான் அழத் தொடங்கினேன். கத்திச் சண்டை வந்தேவிட்டது.

"நான் அப்பவே சொன்னனான்" என்றபடி அம்மா மழைக்குள் இறங்கி வந்தார். கையில் கோழிக்குப் பூசக் கொண்டுவந்த எண்ணெய்ப் போத்தல். வட்டமாவது மண்ணாங்கட்டியாவது என்று நேரே உள்ளே நுழைந்து, ஈரப் புல்லில் என்னோடு ஒட்டி உட்கார்ந்து, என் விரல்களிலும் கத்தியின் மடிப்பிலும் எண்ணெயை ஊற்றித் தேய்த்தார். பால் கழன்றது. கத்தி டக்கென்று மூடிக்கொண்டது. சட்டம் தப்பியது, கத்தியும் எனக்குத்தான். சந்தோசத்தில் எனக்கு விக்கல் எடுத்தது.

"இப்பிடி வை" என்றார் அம்மா. நான் கத்தியைப் புல்லில் வைத்தேன். அவர் எடுத்தார், திறந்தார், எண்ணெய் பூசினார். பழத்தை மடியில் சாய்த்து, கத்தியைத் தன் பெருவிரலை நோக்கியே இழுத்து, நடுத்தண்டை அரிந்து, சுளைகளை அலுமினியத் தட்டில் சட்டுச்சட்டென்று போட்டார். கத்தியைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு கீறல் விழவில்லை.

எனக்கு ஆத்திரம் வந்தது. "அம்மா, நீங்கள் ஒரு ரூலும் ஃபொலோ பண்ணேல்லை!"

"எனக்கு ஆர் பிள்ளை ரூல் சொல்லித் தந்தது? உன்ரை வயசுகூட இல்லை. என்ரை அம்மா ஆஸ்பத்திரியில. கத்தியைக் கையில தந்து அடுப்படியில விட்டிட்டினம்." தாடையால் மாமாவைக் காட்டினார். "உவன் தொட்டிலுக்குள்ள கிடந்து பசியில கத்துவான்."

மாமா வட்டத்துக்குள் வந்து, குடையை அம்மாவின் தலைக்கு மேல் பிடித்தார். அவருடைய முதுகு நனைந்துகொண்டிருந்தது.

திரும்பி வரும்போது கார் முழுக்கப் பலாப்பழ வாசம். தம்பி நித்திரை. நான் பொக்கற்றுக்குள் கத்தியைத் தடவிக்கொண்டே யோசித்தேன். எனக்குப் பத்து வயதுவரை ஒருவரும் கத்தி தரவில்லை. தந்தபோதும் வட்டம், சட்டம், அடுத்த கோடை என்று ஆயிரம் மிரட்டல். அம்மாவுக்கோ அதைவிடச் சின்ன வயதிலேயே, ஒரு சட்டமும் இல்லாமல், முழுக் கத்தி! எவ்வளவு கொடுத்துவைத்த பிள்ளையாக இருந்திருக்கிறார்! இவ்வளவையும் அனுபவித்துவிட்டு, எனக்கு மட்டும் வேண்டாம் என்று எப்படி வாய் வந்தது? கத்தியைப் புல்லில் வைத்துத்தான் கொடுத்தேன். இருந்தும் வீடு போய்ச் சேரும்வரை நான் அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.