பேச்சியின் பேசாத எழுத்து

மனைவிக்கு ஏழாம் மாத ஸ்கேனுக்கு நாள் குறிக்கப் போயிருந்தேன். மருத்துவமனை மேசையில் இருந்த வெள்ளைக்கார அம்மணியிடம், "வெட்னஸ்டே வரலாமா?" என்று கேட்டேன். "அது எந்த ஊர்?" என்றார். எழுதிக் காட்டினேன். "ஓ, வென்ஸ்டே!" என்று சிரித்தார். போடியில் எங்கள் இங்கிலீஷ் வாத்தியார், நடுவில் இருக்கும் அந்த 'டி'யை விழுங்கியவனைப் பெஞ்சு மேல் ஏற்றுவார். இங்கிலாந்திலோ அதை விழுங்காதவன்தான் முழிக்கிறான்.

ஊரில் இருப்பவர்களே, இங்கிலீஷ்காரர்களுக்குத் தாராள மனசு. கத்திக்கு முன்னால் ஒரு 'கே', சந்தேகத்துக்குள் ஒரு 'பி', தீவுக்கு நடுவில் ஒரு 'எஸ்'. எல்லாம் ஒப்புக்குச் சப்பாணி. அம்மா காய் எடுத்த ஏலத்தோட்டத்தில் இப்படிச் சும்மா நின்றிருந்தால், கங்காணி மத்தியானத்துக்குள் வேலையை விட்டு நிறுத்தி, ஜீப்பில் ஏற்றிப் போடிமெட்டு வீட்டுக்கே அனுப்பியிருப்பார். வேண்டாத எழுத்துகளை எல்லாம் வெட்டிப் போட வேண்டும் என்பது கல்லூரிக் காலத்தில் என் கொள்கை. உலகம் காதில் வாங்கவில்லை. சரி, சீர்திருத்தத்தை வீட்டிலிருந்து தொடங்குவோம் என்று அம்மா பெயரில் கை வைத்தேன்.

அம்மா பெயர் பேச்சியம்மாள். என் பிறப்புச் சான்றிதழில் அதை இங்கிலீஷில் எழுதிய தோட்டத்து ஆபீஸ்காரர், 'சி, எச்'சுக்கு முன்னால் ஒரு 'டி'யை, டீக்கடை 'டி'யை, செருகியிருந்தார். சத்தமே வராத எழுத்துக்கு அங்கே என்ன வேலை? அம்மாவுக்கு முதல் அடையாள அட்டை எடுக்கப் படிவம் நிரப்பியபோது, அதைத் தூக்கிவிட்டேன். அட்டையைப் பார்த்துப் பாஸ்போர்ட்டும் அப்படியே வந்தது. சீர்திருத்தம் அமோக வெற்றி.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. பிரசவத்துக்குத் துணையாக அம்மாவை அழைக்க விசா கேட்டோம். மறுத்துக் கடிதம் வந்தது. என் சான்றிதழில் உள்ள தாயும் பாஸ்போர்ட்டில் உள்ள பெண்ணும் ஒருவர்தான் என்று நம்ப முடியவில்லையாம். என் மனைவிக்குத் தாய் இல்லை. அத்தை வந்துவிடுவார் என்ற தைரியத்தில்தான் நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் கடிதத்தைக் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஒத்தை எழுத்துக்கா அப்பு, நான் ஒனக்கு ஆத்தா இல்லேங்குறான்?"

"சத்தம் வராத எழுத்தும்மா. அதான் எடுத்துட்டேன்."

"சத்தம் போடலேன்னா சோலி பாக்கலேன்னு அர்த்தமா? மலையில நான் என்ன கத்திக்கிட்டா காய் எடுத்தேன்?"

அம்மாவே தொடர்ந்தாள்.

"சரி விடு. அவளை வெந்நீர்ல குளிக்கச் சொல்லு. வெரசா அதைத் திருத்திக் கொண்டா, வர்றேன்."

எழுத்தை எடுக்க ஒரு நொடி போதுமாக இருந்தது. அதைத் திரும்பச் சேர்க்கப் பிரமாணப் பத்திரம், நோட்டரி முத்திரை, மறுபடி விண்ணப்பம். காகிதங்கள் நகர்வதற்குள் மகள் பிறந்துவிட்டாள். அவளை நானும் மனைவியும் யூடியூப் பார்த்துக் குளிப்பாட்டினோம்.

மகளுக்கு அம்மா பெயரையே வைத்துப் பதியப் போனேன். பேச்சி என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.

"அந்த 'டி' சைலன்ட்தானே?" என்றார் பதிவாளர் அம்மா.

"இல்லை, அது ச்... ச்..." என்று அழுத்திக் காட்டினேன். வாயை மூடச் சொல்கிறேன் என்று நினைத்து, அவர் முகம் சிவந்து பேசாமல் எழுதிக் கொடுத்தார். சான்றிதழை வாங்கி விரலை வைத்துப் பார்த்தேன். 'டி' பத்திரமாக இருந்தது.

எழுத்து வந்து சேர்ந்துவிட்டது. அம்மாதான் இன்னும் போடிமெட்டில் இருக்கிறாள்.