எழுத்தில்லாத வாக்குத்தத்தம்

அந்தச் சீட்டு என் உள்ளங்கை அளவுகூட இருக்காது. சுற்றிலும் பச்சை மையில் திராட்சைக் கொடி, ஒரு மூலையில் சின்னதாக ஒரு புறா. நடுவில் வசனம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அண்ணி அதைத் திருப்பிப் பார்த்தார், சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பிறகு என்னிடம் நீட்டினார். "கண்ணாடிய வீட்லயே வெச்சிட்டு வந்துட்டேன் தம்பி. என்ன போட்டிருக்குதுன்னு படி." படிக்க ஏதாவது இருந்தால்தானே படிப்பேன்.

எங்கள் சபையின் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் ஓர் எவர்சில்வர் தட்டில் வாக்குத்தத்தச் சீட்டுகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் இருக்கிற வசனம்தான் அந்த வருஷத்துக்கென்று ஆண்டவர் நமக்குத் தந்த வார்த்தை. பெண் கொடுப்பது, வீட்டுக்குத் தளம் போடுவது, வேலை மாறுவது எல்லாமே அதைப் பார்த்துத்தான். இரண்டாவது சீட்டு எடுக்கக் கூடாது. எடுத்தால் ஆண்டவரைச் சோதித்துப் பார்க்கிற மாதிரி ஆகிவிடும்.

அண்ணிக்கு அந்த வருஷம் வார்த்தை கட்டாயம் தேவைப்பட்டது. கர்ப்பப்பையில் கட்டி. உதிரப்போக்கு நிற்காமல் ஆள் வெளுத்துக்கொண்டே வந்தார். பொங்கல் முடிந்ததும் ஆபரேஷன், தள்ளிப்போட்டால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணன் லாரியோடு வடக்கே போயிருந்தார். பட்டுப்புடவைகளுக்கு ஜாக்கெட் தைக்கிற அண்ணிக்கு நாள் முழுக்க ஊசியோடுதான் வேலை. ஆனால் ஆஸ்பத்திரி ஊசியைக் கண்டால் கை நடுங்கும். "சீட்டுல ஒரு வார்த்த வரட்டும்பா. அதப் புடிச்சிக்கினு உள்ள போயிடுவேன்" என்று என் ஷேர் ஆட்டோவில் வரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வார்த்தைதான் வரவில்லை. சீட்டு கைமாறிக் கைமாறிப் பாஸ்டரிடம் போனது. சீட்டுகளைத் தாளிலிருந்து வெட்டிவைத்தது பாஸ்டரம்மா. "ஒவ்வொண்ணையும் படிச்சிப் பாத்துத்தான் வெட்டுனேன். இந்தச் சீட்ட நான் வெட்டவேயில்ல" என்றார். எங்கள் சபை முன்பு தறிக்கொட்டகையாக இருந்த இடம். தறிக்குழிகளை மண்ணால் மூடி மேலே சிமெண்டு பூசியிருந்தார்கள். நடக்கும்போது சில இடங்களில் மட்டும் அடியில் பொந்து இருப்பதுபோலச் சத்தம் கேட்கும். அன்று எல்லோரும் ஓர் அடி பின்னால் நகர்ந்தபோது அந்தச் சத்தம் ஒரே நேரத்தில் எழுந்து அடங்கியது. அண்ணி மட்டும் நகரவில்லை.

பாஸ்டர் கெட்டவர் இல்லை. எனக்கு அவர் செய்திருக்கிற நன்மைகள் நிறைய. ஆனால் அன்று அவர் முகத்தில் இருந்ததைப் பயம் என்றுதான் சொல்ல வேண்டும். "சிஸ்டர், ஆண்டவர் வாய் தொறக்காதப்ப நாம அடியெடுத்து வைக்கக் கூடாது. ஆபரேஷனத் தள்ளி வைங்க. உபவாசம் இருந்து வார்த்தைக்காகக் காத்திருப்போம்" என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. யாரும் அண்ணியை ஒதுக்கவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள், செத்தவர்களிடம் காட்டுகிற அன்பு. ஜெபத்தில் ஒரு பெரியவர், "எங்கள் சகோதரி எவ்வளவு நல்லவர்களாக இருந்தார்கள் ஆண்டவரே" என்றார். தான் 'இருந்தார்கள்' என்று சொன்னது அவருக்கே தெரியவில்லை. கோரஸ் பாடுகிற அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்து, நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தையல் மிஷினைத் தடவியபடி கேட்டார்: "இத யாருக்குன்னு சொல்லிவெச்சிக்கிறீங்களா சிஸ்டர்?"

அண்ணி பாபினில் நூல் சுற்றிக்கொண்டே, "நீ எடுத்துக்கினு போ. ஆனா பெல்ட்டு லூசு. செத்தவ குடுத்த மிசினு சரியில்லன்னு அப்பறம் என்னைத் திட்டக் கூடாது" என்றார். அந்த அக்கா தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அண்ணியை நடுவில் உட்காரவைத்துத் தலைமேல் கைகளை வைத்தார்கள். யாருக்கும் அர்த்தம் புரியாத அந்நிய பாஷையில் எல்லோரும் சத்தமாக ஜெபித்தார்கள். திடீரென்று ஒரு குரல் மட்டும் தமிழுக்கு மாறி, "மகளே, மருத்துவன் கைக்குப் போகாதே" என்றது. பெண் குரல். எல்லோரும் கண்ணை மூடியிருந்ததால் யார் என்று தெரியவில்லை. பிறகு விசாரித்தபோது ஒருவரும் நான்தான் என்று சொல்லவில்லை. நான் தலைகளை எண்ணாத குறையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அந்தக் குரலுக்குரிய முகம் அங்கே இல்லை.

மறுநாள் மத்தியானம் அண்ணி சபைக் கூடத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார். ஆள் நடமாட்டம் இல்லாத நேரம். நான் ஆட்டோவிலேயே காத்திருந்தேன். நேரமாகிக்கொண்டே போனதால் மயங்கி விழுந்திருப்பாரோ என்று உள்ளே போனேன். பிரசங்க மேடைக்கு எதிரே வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு அசையவில்லை, கை உயரவில்லை. அண்ணி ஜெபத்தில் வாய் மூடி இருந்து நான் பார்த்ததே இல்லை. கூப்பிட நினைத்தேன், முடியவில்லை. ஒருவர் இருக்கிற அறைக்குள் வந்த மாதிரி இல்லை. இரண்டு பேர் நீண்ட நேரமாகப் பேசாமல் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட கூச்சம். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம்கூட அந்த நேரம் நின்றிருந்தது.

அண்ணி திரும்பாமலே, "பேசாத உக்காரு. அவரும் பேசாமத்தான் இருக்காரு" என்றார்.

நான் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்தபோது அண்ணி சொன்னது இதுதான்: "இத்தினி வருசமா நாம கத்திக்கினே இருந்தமா, அவரு வந்து உக்காந்தது நமக்குத் தெரியவேயில்ல. பொங்கல் கழிச்சி ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுத்தாந்துடு."

சொன்னபடியே போனார். ஆபரேஷன் அறைக் கதவருகே நான் பைபிளைத் திறந்தேன். "வேணாம்பா. சும்மா கூட இரு" என்றார். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. கட்டியை எடுத்தார்கள். பிழைத்து வந்தார்.

இன்றைக்கும் நான் கிறிஸ்தவன்தான். ஆனால் ஆண்டவர் சொன்னார் என்று யாராவது ஆரம்பித்தால் முன்பு போல ஆமென் போட வாய் வருவதில்லை. சவாரி இல்லாத மத்தியானங்களில், கதவு திறந்திருக்கிற ஏதாவது ஒரு பழைய சர்ச்சில் போய்ப் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். சில நாள் நான் மட்டும்தான் இருப்பேன். சில நாள் அப்படித் தோன்றுவதில்லை. பதில் வராத ஜெபம் பழுதான ஜெபம் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது அப்படியில்லை என்பதை வாதம் பண்ணி நிரூபிக்க எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணியைத்தான்.

உடம்பு தேறி அவர் சபைக்கு வந்த முதல் ஞாயிறு, சாட்சி சொல்லும்படி மைக்கைக் கொடுத்தார்கள். எந்த வசனம் காப்பாற்றியது என்று சொல்வார் என எல்லோரும் காத்திருந்தோம். அண்ணி மைக்கைப் பிடித்தபடி நின்றார். சொல்லவில்லை. கீபோர்டு வாசிக்கிற பையன் ஒரு கட்டையைத் தொட்டான், பாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார். கைக்குழந்தைகள்கூட அழவில்லை. பிறகு அண்ணி மைக்கை மேடைமேல் வைத்துவிட்டு வந்து செருப்பைத் தேடினார்.

பாஸ்டர் பின்னாலேயே வாசலுக்கு வந்தார். நான் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டிருந்தேன், அவர் என்னைக் கவனிக்கவில்லை.

"அங்க உள்ள, ஆபரேஷன் அறைல, உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சா சிஸ்டர்?"

"ஒண்ணும் கேக்கல ஐயா."

அவர் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "எனக்கும்தாம்மா. ரொம்ப வருசமா." அவர் அண்ணியை 'அம்மா' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "உங்களுக்குப் பயமா இல்லியா?"

"பயமாத்தான் இருந்துச்சு. கூட ஆளு இருந்தா பயப்படக் கூடாதுன்னு இருக்குதா என்ன?"

பாஸ்டர் ஏதோ கேட்க வாயெடுத்தார். உள்ளிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் ஒலிபெருக்கியில் அவர் குரல் வழக்கமான சத்தத்தில் எழுந்தது: "ஆண்டவர் இப்போது என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்…"

அண்ணி பின்சீட்டில் இருந்து, "மெதுவாப் போப்பா. பாவம் அந்த மனுசன்" என்றார்.