ஆடி மாதத்தில் ஒரு அழைப்பு

போன வருடம் ஆடி மாதம், இலங்கை மலையகத்தில், ஹட்டன் நகரத்தில் நடந்தது இது. பிரதான வீதியில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் கல்யாண மண்டபம் ஒன்று இருக்கிறது. ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? அதனால் ஒரு வியாபாரக் கூட்டத்துக்கு மண்டபம் எனக்குப் பாதி வாடகைக்குக் கிடைத்தது. பெரிய கெட்டிக்காரி மாதிரி காரியம் பார்த்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமை கூட்டம் நடந்த அன்று பிற்பகல் வரைக்கும்தான் இருந்தது.

அப்போது நான் கொழும்பில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். கடைக்காரர்களுக்கும் தங்குமிடம் நடத்துபவர்களுக்கும் இணையத்தில் கடை போட்டுக் கொடுப்பது, போனிலேயே ஓடர் எடுக்கவும் அறை பதிவு செய்யவும் வழி செய்து கொடுப்பது எங்கள் தொழில். கிழமை நாட்களில் கொழும்பில் ஒரு போர்டிங் அறை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பஸ் ஏறினால் ஹட்டன், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் எங்கள் தேயிலைத் தோட்டம். கணவர் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். மகளுக்கு நான்கு வயது.

ஞாயிற்றுக்கிழமை அந்தியில் நான் கிளம்பும் நேரம் பார்த்து, மகள் என் செருப்பில் ஒன்றை ஒளித்துவிடுவாள். ஒற்றைச் செருப்போடு அம்மா எங்கே போய்விட முடியும் என்பது அவள் நினைப்பு. ஒருநாள் விறகுக்குள் இருக்கும், ஒருநாள் அரிசி வாளிக்குள் இருக்கும். தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படியிறங்கும்போது அவள் அழமாட்டாள். அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். அழுதாலாவது பரவாயில்லை என்று இருக்கும் எனக்கு.

ஹட்டனில் ஒரு கிளை திறந்தால் நான் ஊரோடு இருந்துவிடலாம். இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் மேலாளரை நச்சரித்தேன். நல்ல மனிதர். கடைசியில் ஒரு வழிக்கு வந்தார். ஊர் வியாபாரிகளை ஒருநாள் ஒன்றுகூட்ட வேண்டும், கொழும்பிலிருந்து இன்னும் நாலைந்து தொழில்நுட்ப நிறுவனத்தாரை அவர் அழைத்து வருவார், ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசட்டும், ஆர்வம் இருந்தால் கிளை, இல்லாவிட்டால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட வேண்டும் என்றார். கொழும்பில் இந்த மாதிரிக் கூட்டங்கள் பெரிய ஹோட்டல்களில் மாதத்துக்கு ஒன்று நடக்கும். நெட்வொர்க்கிங் என்பார்கள். எத்தனையோ கூட்டத்துக்கு நானே ஆள் சேர்த்திருக்கிறேன். இது என்ன பிரமாதம் என்று நினைத்தேன்.

கொழும்பில் செய்கிற மாதிரியே செய்தேன். அழகாக ஒரு இணையப் பக்கம், அதில் பதிவு செய்ய ஒரு பச்சைப் பட்டன். ஹட்டன் கடைக்காரர்களின் போன் நம்பர்களை அங்கே இங்கே பிடித்து எல்லோருக்கும் லிங்க் அனுப்பினேன். போர்டிங் கட்டிலில் படுத்துக்கொண்டு, வருகிறவர் கணக்கு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபது பேருக்கு மேல் 'வருகிறேன்' என்று பட்டனை அழுத்தியிருந்தார்கள். எனக்கு ஆனந்தத்தில் தூக்கம் வரவில்லை. எண்பது பேருக்கு ரோல்ஸும் கட்லட்டும் கண்டியில் ஒரு கடையில் இணையத்திலேயே ஓடர் கொடுத்தேன்.

அன்றைக்கு மழை என்றால் அப்படி ஒரு மழை. மூன்று மணிக்குக் கூட்டம். கொழும்புக்காரர்கள் இரண்டரைக்கே வந்து, கழுத்தில் பெயர் அட்டையை மாட்டிக்கொண்டு, மணவறை மேடைக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். மூன்று மணி ஆனது. ஒருவரும் வரவில்லை. மூன்றே கால் ஆனது. நோட்டன் பிரிட்ஜிலிருந்து பஸ் ஏறி வந்த தங்குமிடக்காரர் ஒருவர் மட்டும் குடையை உதறிக்கொண்டு வந்து, மண்டபத்தைப் பார்த்துவிட்டு, கூட்டத் தேதியை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டார். கொழும்பிலிருந்து வந்தவர்களில் ஒருத்தி கட்லட் சாப்பிட ஆரம்பித்தாள். வேறு என்னதான் செய்வாள் பாவம்.

மேலாளர் என் பக்கத்தில் வந்து, "பரவாயில்ல, மழைதானே" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பரவாயில்லையைக் கேட்டதும் கிளை, ஊர் எல்லாம் கைவிட்டுப் போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தேநீருக்குச் சீனி போதாது, வாங்கி வருகிறேன் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

கீழே துணிக்கடை வாசலில், தகரக் கூரைக்கடியில் நின்றேன். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் கடைக்காரர்களை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஸ்வெட்டர் மடித்துக்கொண்டிருந்தார். அவரும் அந்த எழுபது பேரில் ஒருவர். எனக்கு அழுகை போய்க் கோபம் வந்தது.

"என்னங்க நானா, வர்றேன்னு போட்டுருந்தீங்க. மேல மாடிக்கு வர்றதுக்குக் கூடவா மழை?"

அவர் ஸ்வெட்டரை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதுவா? அப்புடி ஒரு நாளைக்கு எத்தனை வருது தங்கச்சி. லோன் தாறோம் எண்டு வருது, லொத்தர்ல காசு விழுந்திருக்கு எண்டு வருது. பச்சையா ஒரு பட்டன் வந்திச்சு, அமத்தினேன். சரி, நான் கேக்குறேன், என்ட தலைக்கு மேல ஒரு விசேஷம் வைக்கிறீங்க. காலையில இருந்து நாலு தரம் இந்தப் படியில ஏறி இறங்கினீங்க. உள்ளுக்கு எட்டிப் பார்த்து, நானா வாங்க எண்டு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மனிதர் கோபத்தில்தான் இருந்தார். வராமல் இருந்ததே அந்தக் கோபத்தில்தான்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. வைகாசியில்தான் மகளுக்குக் காது குத்தினோம். நானும் கணவரும் தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம் வைத்துக்கொண்டு தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கினோம். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டைக்கூட விடவில்லை. விட்டால் பத்து வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள். வீட்டு விசேஷத்துக்கு அப்படி நடந்தவள், கடைக்காரர்களுக்கு மட்டும் கட்டிலில் படுத்துக்கொண்டு லிங்க் அனுப்பியிருக்கிறேன். தொழில்நுட்பம் என்றதும் மனிதர்கள் வேறு மாதிரி ஆகிவிடுவார்கள் என்று நினைத்தேனோ என்னவோ. நோட்டன் பிரிட்ஜ்காரர் ஏன் வந்தார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவரை என் கணவர் பஸ்ஸில் கண்டு வாயால் கூப்பிட்டிருந்தார்.

"தப்புதாங்க நானா. இப்பக் கூப்பிடுறேன். வாங்க" என்றேன். குரல் உடைந்துவிட்டது. அவர் பதறிப் போனார்.

"அடடா, அழாதீங்க புள்ள. நான் ஒராள் வந்து என்ன செய்ய?" என்றவர், கடையில் வேலை செய்யும் பெண்ணிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, விற்க வைத்திருந்த புதுக் குடையில் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையோடு என் கையில் கொடுத்தார். "நடங்க. ரோட்டுல ஈக்கிற கடைக்கெல்லாம் போவோம். ஆனா நான் பேச மாட்டேன். நான் கூப்பிட்டா அது என்ட விசயமாப் போயிரும். நீங்கதான் கூப்பிடணும்."

அப்படியே மழையில் இறங்கினோம். முதலில் பக்கத்து மருந்துக் கடை. வாய் வரவில்லை எனக்கு. ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் மெசேஜ் அனுப்பத் தெரிந்தவளுக்கு, ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து வாங்க என்று சொல்ல நாக்கு ஒட்டிக்கொள்கிறது! நானா என் பின்னால் நின்று தொண்டையைச் செருமினார். சொன்னேன். மருந்துக் கடைக்காரர் வெள்ளைக் கோட்டைக் கழற்றிக்கொண்டே, இதோ வருகிறேன் என்றார். என்னால் நம்பவே முடியவில்லை.

பிறகு சலூன். ஒருவருக்குப் பாதி முகம் சவரம் ஆகியிருந்தது. மீதியை முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார் சலூன்காரர். நாற்காலியில் இருந்தவர் நுரையோடு திரும்பி, "நான் வரக் கூடாதாம்மா?" என்றார். அவருக்கு நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டமாம். அவரையும் கூப்பிட்டேன். அடுத்துப் பேக்கரி. கண்டிக் கடை வேன் வந்து நின்றதைப் பார்த்திருந்த பேக்கரிக்காரர்தான் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கொழும்பு ஆளுங்களுக்கு எங்க கடைய அறிமுகப்படுத்தப் போறேங்குறீங்க. தின்ன ரோல்ஸ் மட்டும் கண்டியில இருந்து வருதா? இங்க பாண் சுடுற போறணையில நாங்க என்ன, குளிர் காயுறோமா?"

மழையில் நின்று மன்னிப்புக் கேட்டேன். ஒரு ஹார்ட்வேர் கடைக்காரர் மட்டும் எழும்பவே இல்லை. ஒரு கிழமைக்கு முன்னால் சொல்லியிருந்தால் பார்த்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு ஆணி நிறுக்கத் திரும்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. திரும்பி வரும் வழியில் ஓட்டோ நிறுத்துமிடம். நான் கடந்து போகப் பார்த்தேன்.

"அக்கா, கடை இருந்தாத்தான் கூப்பிடுவீங்களா? எங்களுக்கெல்லாம் போன் இல்லயா?" என்றான் ஒரு தம்பி. அவர்களையும் கூப்பிட்டேன்.

நான்கரை மணிக்கு மண்டபத்துப் படி நெடுக ஈரக் குடைகள். எழுபது பேர் இல்லை, நாற்பது பேர் இருக்கலாம். போதாதா? மேலாளர் மேடையில் ஆயத்தமாக வைத்திருந்த படக்காட்சியைப் போடவே இல்லை, போட விடவில்லை. யாருக்கும் பெயர் அட்டை தேவைப்படவில்லை. எங்கள் ஆட்கள் கொழும்புப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு, எந்த ஊர், அம்மா அப்பா என்ன செய்கிறார்கள், குளிர் ஒத்துக்கொள்கிறதா, சாப்பிட்டீர்களா என்று முதலில் அதைத்தான் கேட்டார்கள். அதெல்லாம் தெரிந்த பிறகுதான் தொழில் பேச்சு.

அந்த ஓட்டோத் தம்பிதான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தான். ரயிலில் வந்து இறங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் போனிலேயே அறை பிடித்துவிட்டு வருகிறார்கள், யார் எத்தனை மணிக்கு எங்கே போகப் போகிறார்கள் என்று எங்களுக்கு முன்னாலேயே தெரிய ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டான். கட்லட் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவனிடம் ஓடினாள். அறை பதிவு செய்கிற மென்பொருள்தான் அவளுடைய நிறுவனத்தின் தொழில். நோட்டன் பிரிட்ஜ்காரரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு போனார். மூவரும் பேசிய பேச்சு ஆறு மணி வரைக்கும் முடியவில்லை.

ரோல்ஸ் தீர்ந்துபோனது. பேக்கரிக்காரர் கீழே போய் ஒரு தட்டு நிறைய, மீன் வைத்துச் சுட்ட மாலுபாண் சூடாகக் கொண்டுவந்து, கண்டி கட்லட்டுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே வைத்தார். "ரெண்டையும் தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க" என்று மேலாளரிடம் வம்பு பண்ணினார். மேலாளர் மூன்று மாலுபாண் சாப்பிட்டார். கிளைக்கு இடம் பார்த்து வை என்று அடுத்த கிழமைதான் சொன்னார்.

தை பிறந்ததும் கிளையைத் திறந்தோம். பேக்கரிக்குப் பின்னால் ஒரு சின்ன அறைதான். ஒரு கிழமைக்கு முன்பே மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, வெற்றிலைத் தட்டோடு கடை கடையாகப் போனேன். முதல் அழைப்பு நானாவுக்கு. "என்ன தங்கச்சி, லிங்க் இல்லையா?" என்று கேட்டுச் சிரித்தார். குடைக்கு அவர் கடைசி வரைக்கும் விலை சொல்லவில்லை. ஹார்ட்வேர் கடைக்காரர் தட்டைத் தொட்டு அழைப்பை ஏற்றுக்கொண்டார். திறப்பு விழாவுக்கு எல்லோருக்கும் முதல் வந்து, முன் வரிசையில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான்.

கிளை திறந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தியில் என் செருப்பு இரண்டும் வாசலில் அப்படியே கிடந்தன. மகள் மறந்துவிட்டாளோ என்று நினைத்து, "ஏன்டி, இன்னைக்கு ஒளிச்சு வைக்கலியா?" என்று கேட்டேன்.

"நீங்க இனி டவுனுக்குத்தானே போவீங்க. கடைக்காரவங்களக் கூப்பிட்டுட்டு அந்திக்கே வந்துருவீங்க" என்றாள், விளையாட்டை விடாமலே.

இன்றைக்கும் என் வேலை போனும் லிங்க்கும்தான், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒருவர் வந்தே ஆக வேண்டும் என்று மனதில் இருந்தால், போனை மேசையில் வைத்துவிட்டு அந்தச் செருப்பைத்தான் மாட்டிக்கொள்கிறேன்.