சோடிக்குள் கவலை போகும் வழி

கணவனின் கவலை மனைவியின் நித்திரையைக் கெடுக்கிறதா, கெடுத்தால் எந்த வழியால்? இதுதான் என் ஆய்வு. புள்ளியியலில் அந்த நடுவழிக்கு இடைமாறி என்று பெயர். சண்டைதான் அந்த வழி என்று எண்ணிக்கொண்டு, வலிகாமப் பகுதித் தோட்டக்காரர் வீடுகளுக்கு ஸ்கூட்டியில் அலைந்தேன். ஒரே வீட்டில் இருப்பவர்களைத் தொடர்பில்லாத இரண்டு ஆட்களாக எண்ணினால் கணக்குப் பிழைத்துவிடும். ஒரே ஆளாக எண்ணினாலும் பிழைத்துவிடும். தனித்தனியே கேட்க வேண்டும், பிறகு சோடியாக வைத்துப் பார்க்க வேண்டும்.

இதை எங்கள் ஆண்களுக்கு விளங்கப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் ஒரு வெங்காயத் தோட்டக்காரர் தொடங்கும்போதே சொன்னார்: "அவவுக்கும் நான் சொல்லுறதையே எழுதுங்கோ பிள்ளை. ரெண்டும் ஒண்டுதானே."

"ஓம், அவர் சொன்னால் சரி," என்றது குசினி அடுப்படியில் இருந்து அவர் மனைவியின் குரல்.

எனக்குக் கோபம் வந்தது. ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்லமாட்டேன் என்று இருவருக்கும் வாக்குக் கொடுத்து, அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனேன். அங்கே அவர் குரல் தாழ்ந்தது.

"தோட்டக் கொட்டிலிலை வைச்ச விதை வெங்காயம் முழுக்க மழைக்கு அழுகிப்போச்சு. அவவுக்குச் சொல்லேல்லை. சொன்னால் நித்திரை கொள்ளமாட்டா."

பிறகு குசினியில் அவர் மனைவியை, அந்த அக்காவைக் கேட்டேன்.

"மனிசன் இப்ப கதைக்கிறாரில்லை. ஏதோ பெரிய வருத்தத்தை, ஆளைக் கொல்லுற நோயை, எனக்கு ஒளிக்கிறார். எனக்கு எங்கை நித்திரை? முழிச்சுக் கிடக்கிறதைக் கண்டால் பயந்துபோவார் எண்டு கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறன்."

சண்டையே இல்லை. வாயைத் திறக்காததுதான் வழி. ஆய்வுக்காரிக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். ஆனால் வெங்காயம் என்று ஒரு சொல் சொன்னால் அக்காவின் பயம் தீர்ந்துவிடும். கொடுத்த வாக்கோ வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தது. சொல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வெளியே வந்தேன்.

வாசல் படலையடியில் அவர் மறித்தார். "அவ என்ன சொன்னவ?"

"அது சொல்லேலாது அண்ணை."

அவர் முகம் மாறியது. "சொல்லேலாத அளவுக்கு அவவுக்கு என்ன?"

"அவவைத்தான் கேக்கவேணும்," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

பாதியைச் சொல்லிவிட்டேன் என்பது வழியெல்லாம் உறைத்தது. இனி நானும் அந்தச் சோடிக்குள் ஒரு நடுவழி. என் ஆய்வு மேற்பார்வையாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அந்தச் சோடியைக் கணக்கில் இருந்து எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

கணக்குக்கு வேண்டாத வீட்டுக்கு மறுபடி ஏன் போனேன் என்று கேட்டால், அறிகிற ஆசைதான். என்ன நடந்தது என்று தெரியாமல் இருக்க என்னால் முடியவில்லை. படலையைத் திறந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெங்காயமாம் பிள்ளை! வெறும் வெங்காயம்! நான் மனிசனைச் சாகக் குடுத்துப்போட்டெல்லோ பக்கத்திலை படுத்துக் கிடந்தனான்," என்று சிரிக்கத் தொடங்கியவர் அழுதுவிட்டார்.